புகைக்குழாய்ச் சென்சர் பழுதா? புதிது வாங்குமுன் சோதிப்போம்

பல குடும்பங்கள் காசு சேர்த்து வாங்கிய டீசல் வாகனம். முகப்பில் மஞ்சள் லைற் எரிகிறது, இழுவையும் குறைந்துவிட்டது. கராஜில் ஸ்கானரைப் பூட்டிப் பார்த்தவர், “புகைக்குழாய் வெப்பச் சென்சர் செத்துவிட்டது, புதிது போடவேண்டும்” என்கிறார். விலையைக் கேட்டால் விதைநெல்லுக்கென ஒதுக்கிய காசில் கைவைக்க வேண்டிவரும். இப்படியான நிலையிலுள்ள வாசகர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்சர் செத்துவிட்டது என்று ஸ்கானர் சொல்வதில்லை. அந்த வழியாக வரும் அளவு பொருந்தவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. பழுது சென்சரிலும் இருக்கலாம், அதற்குப் போகும் வயரிலோ பிளக்கிலோ இருக்கலாம். சிலவேளை குழாய் உண்மையிலேயே அளவுக்குமிஞ்சிச் சூடாகியும் இருக்கலாம்.

லான்ட்மாஸ்ரரிலும் பழைய டீசல் வான்களிலும் இந்தச் சென்சரைத் தேடவேண்டாம். கரி வடிகட்டி பூட்டிய பிற்கால டீசல் வாகனங்களிலேயே அது உண்டு. ஒரே குழாயில் இரண்டு, மூன்றும் இருக்கும். வடிகட்டியில் கரி நிறைந்ததும் வாகனத்தின் கணினி மேலதிகமாக டீசல் செலுத்தி, ஏறக்குறைய 600 பாகை வரை சூடேற்றி, அந்தக் கரியை எரித்துவிடும். எவ்வளவு சூடு ஏறியது என்று கணினிக்குச் சொல்வது இந்தச் சென்சர். அது பொய் சொன்னால் கணினி எரிப்பதை நிறுத்திவிடும். வடிகட்டி அடைபடும், இழுவை குறையும்.

ஆனால் சென்சர் நன்றாக இருந்தும் வடிகட்டி அடைபடலாம். இடம்பெயர்ந்து இருக்கும் வீட்டிலிருந்து காணிக்கும், காணியிலிருந்து வீட்டுக்கும் மெதுவாக ஓடும் சிறிய ஓட்டங்களில் குழாய் போதியளவு சூடேறுவதில்லை. அப்படி ஓடும் வாகனத்துக்கு, தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டு போகும் ஒரு நீண்ட ஓட்டம் மருந்து மாதிரி. ஆகவே உங்கள் வாகனம் எப்படி ஓடுகிறது என்பதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

சோதனைகளுள் சிறந்தது, செலவும் குறைந்தது, விடியற்காலைச் சோதனை. இரவு முழுவதும் நின்ற வாகனத்தில் எஞ்சினை இயக்காமல் திறப்பை மட்டும் திருப்பி, ஸ்கானரில் வெப்ப அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். குழாய் ஆறியிருப்பதால் எல்லாச் சென்சர்களும் வெளிக்காற்றின் வெப்பத்தையே காட்டவேண்டும். எமது பகுதிகளில் விடியலில் அது 25 பாகையை ஒட்டி இருக்கும். எஞ்சின் தண்ணீரின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவில் நிற்கும். மற்றவை 26, 27 காட்டும்போது ஒன்று மட்டும் 180 காட்டினால் பிழை அந்தப் பக்கத்தில்தான். பூச்சியத்துக்குக் கீழே 40 என்றோ, ஆயிரத்துக்கு மேலென்றோ அசையாமல் நின்றால் பெரும்பாலும் எங்கோ வயர் அறுந்திருக்கும், அல்லது ஒன்றோடொன்று முட்டியிருக்கும். பின்பு எஞ்சினை இயக்குங்கள். எஞ்சினுக்குக் கிட்டவுள்ள சென்சர் முதலில் ஏறும், தூரத்திலுள்ளது பிந்தி ஏறும். ஏறாமல் கிடப்பதும், திடீரெனத் துள்ளுவதும் சந்தேகத்துக்குரியவை. மதியம் ஓடிவந்து நிறுத்திய வாகனத்தில் இந்தச் சோதனை பயன்படாது. காலையில் போகமுடியாவிட்டால் முதல்நாளே வாகனத்தைக் கராஜில் விட்டுவிடுவது நல்லது.

அடுத்தது வயர். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. எனவே நெடுங்காலம் ஓடிய வாகனங்களையே எம்மவர்கள் வைத்திருக்கிறார்கள். சூட்டில் காய்ந்து வெடித்த உறை, எலி கடித்த இடம், வரம்பு ஏறி இறங்கும்போது இழுபட்ட இடம், சேறு புகுந்து பச்சை பிடித்த பிளக் ஆகியவற்றைக் கண்ணாலேயே காணலாம். பிளக்கைக் கழற்றித் திறப்பைத் திருப்பினால், கணினிப் பக்கத்து வயரில் பெரும்பாலான வாகனங்களில் 5 வோல்ற் அளவு வரவேண்டும். வராவிட்டால் புதுச் சென்சர் போட்டும் பயனில்லை. ஸ்கானரில் 0545 என்ற இலக்கம் அளவு தாழ்ந்திருப்பதையும், 0546 உயர்ந்திருப்பதையும் குறிக்கும். பொதுவாக 0546 வந்தால் அறுந்த இடத்தைத் தேடவேண்டும், 0545 வந்தால் உடலில் முட்டும் இடத்தைத் தேடவேண்டும்.

வயர் நன்றாக இருந்தால் சென்சரின் மின்தடையை மல்ரிமீற்றரால் அளக்கலாம். இங்கேதான் நல்ல சென்சர்கள் பல குப்பைக்குப் போகின்றன. ஒருவகைச் சென்சர் ஆறியிருக்கும்போது ஏறத்தாழ 220 ஓம் காட்டும், சூடேற அது கூடும். மற்றவகை இதற்கு எதிர்மாறானது. ஆறியிருக்கும்போது அதன் தடை மிகவும் பெரிது. மீற்றரில் அறுந்துபோனது போலவே தெரியும். சூடேற்றினால்தான் இறங்கும். ஆகவே ஆறிய சென்சரை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு “செத்தது” என்று சொல்பவரை நம்பவேண்டாம். நுனியை மட்டும் காஸ் அடுப்பின் சுவாலைக்குச் சற்று மேலே பிடித்து, வயரையும் பிளக்கையும் தூர வைத்து, மீற்றரைக் கவனியுங்கள். அளவு சீராக ஏறினாலோ இறங்கினாலோ சென்சருக்கு உயிர் உண்டு. துள்ளினாலோ அசையாவிட்டாலோ மாற்றத்தான் வேண்டும். வயரின் நடுவே சிறு பெட்டியோடு வரும் சென்சர்களை இப்படி அளக்கமுடியாது. அவற்றுக்கு விடியற்காலைச் சோதனையே போதும்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியைக் குழாயில் பிடித்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். அது உடம்புச் சூட்டுக்கு மேலே அளக்காது.

செலவுக்குப் பயந்து வயரை வெட்டிவிடுவோரும், சென்சருக்குப் பதிலாக ஒரு தடையைக் கட்டி லைற்றை அணைப்போரும் உண்டு. இது ஆபத்தானது. கணினி குருடாகி, கரி எரியும்போது சூடு எவ்வளவு என்று தெரியாமல் போய்விடும். சென்சர் நன்றாக வேலை செய்யும்போதுகூடக் கரி எரியும் வேளையில் குழாயின் சூடு காய்ந்த வைக்கோலைப் பற்றவைக்கப் போதுமானது. ஆதலால் சூடு அடிக்கும் களத்திலோ, கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள்ளோ ஓடிவந்த கையோடு வாகனத்தை நிறுத்தாதீர்கள். குடும்பத்தின் ஒரு போகத்து உழைப்பு அங்கே கிடக்கிறது.

மாற்றுவதென்று முடிவானால் முதல்நாள் இரவே மரையில் துரு இளக்கும் எண்ணெய் விடச் சொல்லுங்கள். இறுகிய சென்சரை முரட்டுத்தனமாகத் திருகினால் மரை கழன்று, குழாயையே மாற்றும் செலவு வரும். பழைய சென்சரின் இலக்கத்தைப் பார்த்தே புதியதை வாங்கவேண்டும். ஒரே குழாயில் உள்ளவைகூடத் தம்முள் வேறுபடும். பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள். லைற்றை அழித்தபின் ஒரு நீண்ட ஓட்டம் ஓடி, மறுநாள் விடியலில் ஸ்கானரில் மீண்டும் பாருங்கள். எல்லா அளவுகளும் ஒட்டி நின்றால் மிகுதிக் காசைக் கொடுக்கலாம்.