பிழை வந்த வழியை அடைப்பவர்கள்

ஒரு நிறுவனம் திட்டங்களை நன்றாக நடத்துகிறதா என்று கேட்டால், நேரத்துக்கு முடித்த ஏதாவது ஒரு வேலையைக் காட்டுவார்கள். அதை முடித்துக் கொடுத்த மேலாளர் வேறு இடத்துக்குப் போய்விட்டால், அடுத்த வேலையும் அப்படியே முடியுமா? நிறுவனத்தின் முதிர்ச்சியை அளக்க இந்தக் கேள்விதான் தொடக்கம்.

1980களில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு இது பெரிய தலைவலி. மென்பொருள் ஒப்பந்தங்கள் கெடு தாண்டின, செலவு எகிறியது. யாரை நம்பி வேலை கொடுப்பது? விடை தேடும் பொறுப்பு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிலையத்திடம் வந்தது. ஐபிஎம்மில் 27 ஆண்டுகள் இருந்துவிட்டு 1986இல் அங்கு சேர்ந்த வாட்ஸ் ஹம்ஃப்ரி, ஐந்து படிகள் கொண்ட அளவுகோலை வகுத்தார். முதல் படியில் எல்லாம் ஆளைப் பொறுத்தது. யாரோ ஒருவர் இரவு பகலாக உட்கார்ந்து கரைசேர்ப்பார். இரண்டில் ஒவ்வொரு திட்டத்துக்கும் அட்டவணையும் செலவுக் கணக்கும் உண்டு. மூன்றில் நிறுவனம் முழுதுக்கும் பொதுவான நடைமுறை. நான்கில் அளவீடு, ஐந்தில் அந்த அளவீட்டைக் கொண்டு நடைமுறையையே திருத்துவது.

ஐந்தாம் படி எப்படி இருக்கும் என்பதை ஹூஸ்டனில் விண்வெளி ஓடத்துக்கு மென்பொருள் எழுதிய குழுவிடம் பார்க்கலாம். ஐபிஎம், லோரல், லாக்ஹீட் மார்ட்டின் என்று உரிமையாளர்கள் மாறினார்கள்; வேலைமுறை நிலைத்தது. ஏறக்குறைய 4,20,000 வரி நிரல். 1990களின் நடுவில், அடுத்தடுத்து வந்த மூன்று பதிப்புகளில் பதிப்புக்கு ஒரே ஒரு பிழை! ஜிபிஎஸ் வசதியைச் சேர்க்க 6,366 வரிகள் மாற வேண்டியிருந்தது. அந்த மாற்றத்தை விவரிக்கவே 2,500 பக்கம் எழுதினார்கள். நிரல் எழுத ஒரு குழு, அதில் பிழை தேட இன்னொரு குழு. பிழை அகப்பட்டால், எப்போது அகப்பட்டது, எப்படி உள்ளே புகுந்தது, முந்தைய சோதனைகளில் ஏன் சிக்கவில்லை என்று எல்லாம் பதிவாகும். அதே மாதிரிப் பிழை வேறெங்காவது ஒளிந்திருக்கிறதா என்றும் தேடுவார்கள். எழுதியவரைக் குற்றவாளியாக்காமல், பிழையை உள்ளே விட்ட நடைமுறையைத் திருத்துவார்கள். மனிதர்களால் அச்சமின்றித் தவறைச் சொல்ல முடிந்ததால்தான் இது சாத்தியமானது.

இந்தியாவுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 1990களின் நடுவிலேயே பெங்களூரில் இருந்த மோட்டோரோலா பிரிவு ஐந்தாம் படியைத் தொட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஐந்தாம் படியை எட்டிய உலக நிறுவனங்களில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்தது. முன்பின் அறியாத வெளிநாட்டு வாடிக்கையாளரின் நம்பிக்கையைப் பெற, ஐந்தாம் படிக்கான மதிப்பீட்டுச் சான்று உதவியது. இதே எண்ணம் மென்பொருளைத் தாண்டிய துறைகளுக்கும் பொருந்தும்படி, அமெரிக்காவின் திட்ட மேலாண்மைக் கழகம் 2003இல் ஓபிஎம்3 என்ற அளவுகோலை வெளியிட்டது.

சான்றை மட்டும் குறிவைப்பது ஆபத்து. மதிப்பீட்டுக்கு உட்பட்ட பிரிவுக்கு மட்டுமே அது உரியது. நிறுவனம் முழுதுக்கும் அல்ல. மதிப்பீட்டாளர் வரும் வாரத்தில் அவசரமாக நிரப்பிய கோப்புகள் எந்தத் திட்டத்தையும் காப்பாற்றாது. ஒரு படி ஏறவே ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் பிடிப்பது சகஜம். நடுவில் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கவும் முடியாது. செலவுக் கணக்கே எழுதாத இடத்தில் எதை அளப்பது?

ஆலோசகர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் அலுவலகத்தில் கடைசியாக முடிந்த மூன்று திட்டங்களின் கோப்புகளை எடுங்கள். முதலில் குறித்த நாளையும் தொகையையும், உண்மையில் ஆன நாளோடும் தொகையோடும் ஒப்பிடுங்கள். தாமதத்தின் காரணத்தை யாராவது எழுதி வைத்தார்களா, அடுத்த திட்டத்தைப் போட்டவர் அதைப் படித்தாரா என்று விசாரியுங்கள். இல்லை என்று பதில் வந்தால், உங்கள் முதல் வேலை அதுதான்.