மந்திர வாள் செய்ய என்ன செலவாகும்? டிஎம்மிடம் பேரம் பேசும் முன் ஒரு கணக்கு

வாரம் முழுக்க ஆபீஸ், சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு இருக்கிறவங்களுக்கு இந்தப் பதிவு. ஆடாதவங்களும் படிங்க, அப்ரைசல் நேரத்தில் உதவும்.

1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம் இது. ஒருத்தர் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமா டிஎம். கதை, எதிரிகள், கடைக்காரர் எல்லாமே அவர் கையில். மத்தவங்க ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். மாசக்கணக்கில் ஆடிச் சேர்த்த தங்கக் காசில் ஒரு மந்திரப் பொருள் செய்யணும்னு கேட்டதும் பேரம் ஆரம்பிக்கும். "கொஞ்சம் குறைச்சுக்கோயேன்", "முடியாதுடா" என்று ஒரு மணி நேரம் போகும். மத்த மூணு பேரும் போனை நோண்டிட்டு உட்கார்ந்திருப்பாங்க. இப்படியே நாலு வாரம் போனா அந்த டேபிளே கலைஞ்சிடும்.

அதனால் பேசப் போகும் முன் மூணு விஷயம் பாருங்க.

1. எந்தப் புத்தகம்?

'ரேர்' வகைப் பொருள் ஒண்ணை எடுத்துப்போம்.

- 2014 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட்: 5,000 தங்கம். ஒருத்தர் ஒரு நாளைக்கு 25 தங்கத்துக்கான வேலைதான் செய்ய முடியும். ஆக 200 நாள்.
- 2017-ல் வந்த சனாதர்ஸ் கைட் டு எவ்ரிதிங்: 2,000 தங்கம், 10 வேலை வாரம்.
- 2024 டஞ்சன் மாஸ்டர்ஸ் கைட்: 2,000 தங்கம், 50 நாள்.

பொருள் ஒண்ணுதான், ஆனா 3,000 தங்கம் வித்தியாசம். "நாம எந்தப் புத்தகத்தை வெச்சு ஆடறோம்?" என்பதுதான் முதல் கேள்வி. ஆஃபர் லெட்டர் வந்ததும் சிடிசியா, கைக்கு வர்ற சம்பளமான்னு கேட்கிற மாதிரி.

2. செய்யறதா, வாங்கறதா?

2024 புத்தகப்படி ரேர் பொருளின் மதிப்பு 4,000 தங்கம், செய்யும் செலவு அதில் பாதி. ஃபிளேம் டங் என்கிற தீ வாள் வேணும்னு வைங்க. சாதாரண நீள வாளின் விலை 15 தங்கம் தனி. பலர் இதை மறந்துடறாங்க. ஆக,

- வாங்கினா 4,015
- செய்தா 2,015
- மிச்சம் 2,000. அதை 50 நாளால் வகுத்தா நாளுக்கு 40 தங்கம்

உங்க கதாபாத்திரத்தோட 50 நாள் உழைப்புக்கு இதுதான் சம்பளம். அந்த நாட்களில் வெளியே போனா 40-க்கு மேல கிடைக்கும்னா, செய்யறதை விட வாங்கறது லாபம். ஆனா கடையில் அந்த வாள் இருக்கணும். இருக்கா இல்லையான்னு சொல்றதும் டிஎம்தான்.

3. டிஎம்முக்கு என்ன செலவு?

பேரம் இங்கதான் ஜெயிக்கும், இல்லை தோற்கும். தங்கம் டிஎம்முக்குப் பணமே கிடையாது. நினைச்சா அடுத்த குகையில் பத்தாயிரம் வைப்பார். அவர் கவலை வேற. தீ வாள் எரியும்போது ஒவ்வொரு அடிக்கும் ரெண்டு பகடை கூடுதல் சேதம். நீங்க ஒருத்தரே எல்லா எதிரியையும் முடிச்சுட்டா, மத்த மூணு பேர் எதுக்கு வரணும்? அவர் சம்பளமே இல்லாம உட்கார்ந்து தயார் பண்ணின சண்டை ரெண்டு சுற்றில் முடிஞ்சா, அவருக்குத்தான் என்ன மிச்சம்?

அதனால் தங்கத்தைக் குறைக்கச் சொல்லி மட்டும் நிக்காதீங்க. அவருக்குப் பயன்படறதை நீங்க முன்வைங்க.

- பொருள்: சனாதர்ஸ் கைட்படி மந்திரப் பொருளுக்கு ஒரு அரிய மூலப்பொருளும் தேவை. ரேர் வகைன்னா அதைக் காக்கிற எதிரியின் சவால் அளவு 9 முதல் 12. இளம் சிவப்பு டிராகன் 10. "டிராகனை நாங்க நாலு பேரும் போய்ப் பார்த்துக்கறோம், செலவில் 500 குறையுமா?" அவருக்கு அடுத்த வாரக் கதை ரெடி, மத்தவங்களுக்கும் வேலை இருக்கு.
- நாள்: தகுதியுள்ள இன்னொருத்தர் கூட உழைச்சா நாள் பாதியாகும். 50 நாள் 25 ஆகும், தங்கத்தில் கை வைக்கவே வேண்டாம்.
- வரம்பு: "ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தீ எரியும்" என்று நீங்களே சொல்லுங்க. டிஎம்மின் பயம் பாதி குறையும்.

எப்படிக் கேட்கணும்?

ஆட்டத்துக்கு நடுவில் கேட்காதீங்க. புதன்கிழமையே ஒரு மெசேஜ் போடுங்க: எந்த ரூல், என்ன செலவு, பதிலுக்கு நான் என்ன தர்றேன். கூடவே ஒரு மாற்று ஏற்பாடும் கையில் இருக்கட்டும். ரேர் கிடைக்கலைன்னா 'அன்காமன்' வகை பிளஸ் ஒன் வாள், 200 தங்கம் (சாதாரண வாளின் விலை தனி), 10 நாள். மாற்று இருந்தா கெஞ்ச வேண்டியதில்லை, "முடியாது"ன்னு சொன்னாலும் முகம் சுளிக்காம ஆட்டத்துக்கு உட்காரலாம்.

ஆபீஸிலும் இதே கதைதான். சம்பள பேண்டை மாத்தற அதிகாரம் பல மேனேஜர்களுக்கு இருக்காது. ஆனா புராஜெக்ட், ஷிஃப்ட், டிரெய்னிங், வீட்டிலிருந்து வேலை இதெல்லாம் அவர் கைக்குள்ள இருக்கலாம். எதிரில் இருப்பவருக்கு எது சுலபம், எது கஷ்டம்னு தெரிஞ்சுக்காம ஒரே எண்ணைப் பிடிச்சுத் தொங்கறவங்கதான் வெறுங்கையோட எழுந்து வர்றாங்க.

இந்த சனிக்கிழமை கேட்கப் போறீங்கன்னா, முதல்ல அந்த 40 தங்கக் கணக்கை உங்க எண்களை வெச்சுப் போட்டுப் பாருங்க. வாங்கறதே லாபம்னு வந்தா, பேரமே தேவைப்படாது.