எடைக்குப் போக இருந்த லாப்டாப்!

"அம்மா, இதை எடைக்குப் போட்டுடலாமா?" என்று அலுத்துக்கொண்டாள், பிரசவத்துக்கு வந்திருந்த என் பெண்.

2017-ல் அவள் காலேஜ் சேர்ந்தபோது, சீட்டுப் பணத்தில் வாங்கிய லாப்டாப் அது. ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய் டிகாக்ஷன் இறக்கி, பாலும் காய்ச்சி முடித்த பிறகுதான் திரையில் படமே வரும்! புதுசு வாங்கலாமென்றால் பிரசவச் செலவே இன்னும் அடைந்தபாடில்லை. தவிர, காலமாகிவிட்ட என் அம்மா பாடிய தாலாட்டு அதில்தான் பதிவாகி இருக்கிறது. எப்படி எடைக்குப் போட மனசு வரும்?

"ஆன்ட்டி, உள்ளே இருக்கற ஹார்ட் டிஸ்க்ல தட்டு சுத்தணும், அதான் லேட். எஸ்.எஸ்.டி. போடுங்க. அதுல சுத்தறதே கிடையாது, எல்லாம் சிப்புதான்" என்றான் எதிர்வீட்டுப் பையன்.

உடனே என்னவர் கடைக்குப் போய், "இருக்கறதுலேயே வேகமானது கொடுங்க" என்று வாங்கி வந்துவிட்டார். திறந்து பார்த்தால், எங்கள் லாப்டாப்பில் அதைச் சொருக இடமே இல்லை! கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே, கொஞ்சம் பணம் பிடித்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். அந்த நஷ்டம் உங்களுக்கும் வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.டி.யில் முக்கியமாக மூன்று தினுசு உண்டு.

முதலாவது, 2.5 அங்குல 'சாட்டா'. சின்ன டப்பா மாதிரி இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். வேகம் விநாடிக்குச் சுமார் 550 எம்.பி.

இரண்டாவது, 'எம்.2 சாட்டா'. பெரும்பாலும் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளத்தில் மெல்லிய பட்டையாக இருக்கும். வேகம் முன்னதைப் போலத்தான்.

மூன்றாவது, 'எம்.2 என்.வி.எம்.இ.'. அதுவும் அதே மாதிரிப் பட்டைதான். ஆனால் 3,500 எம்.பி., புது ரகங்களில் 7,000 எம்.பி.க்கு மேலேகூடப் போகும். எம்.2 இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்! ஆகவே லேபிளைப் படியுங்கள். உங்கள் லாப்டாப் எதை ஏற்கும் என்பதை மாடல் நம்பரைச் சொல்லிக் கேட்டுவிட்டே பணத்தை எடுங்கள்.

கடிதம், கணக்கு, குழந்தைகள் பாடம் இவற்றுக்குச் சாட்டாவே தாராளம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து மாறும்போதுதான் பெரிய வித்தியாசம் தெரியும். பெரிய பெரிய வீடியோ வேலை செய்பவர்களுக்குத்தான் என்.வி.எம்.இ.யின் முழு வேகமும் பயன்படும். வாரண்டி எத்தனை வருஷம் என்று பார்க்க மறக்காதீர்கள்.

இன்னொன்று, சகோதரிகளே! எஸ்.எஸ்.டி. சத்தம் காட்டாமல் திடீரென்று படுத்துவிடக்கூடும். அப்புறம் உள்ளே இருப்பதை மீட்பது கஷ்டம். அதனால் போட்டோ, பாட்டு எல்லாவற்றுக்கும் வேறிடத்தில் ஒரு நகல் இருக்கட்டும். எல்லாவற்றையும் புதுசுக்கு மாற்றிய பிறகு, பழைய டிஸ்க்கை யு.எஸ்.பி. உறை போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன்.

இப்போது ஸ்விட்சைப் போட்டால் அரை நிமிஷத்துக்குள் தயார். நேற்று ராத்திரி அடம்பிடித்த பேரன், கொள்ளுப்பாட்டியின் தாலாட்டைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான்.