பத்திரம் யார் பேரில்?

கணவரின் அடி, மிரட்டலுக்கு ஆளான மனைவிக்கு அவர் வாழ்ந்துவந்த வீட்டிலேயே தொடர்ந்து குடியிருக்கும் உரிமையைத் தருவது, 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சண்டை முற்றி உறவுக்காரர்கள் கூடிப் பேசும்போது, “வீடு யார் பேரில் இருக்கிறது?” என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். சட்டத்துக்கு அது இரண்டாம் பட்சம். அந்தப் பெண் அங்கே குடும்பம் நடத்தினாரா என்பதையே அது முதலில் பார்க்கிறது.

அப்படிச் சேர்ந்து வாழ்ந்த வீடு சொந்த வீடாக இருக்க வேண்டும் என்பதில்லை. மறைமலை நகரில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய தொழிற்சாலைகளை நம்பி வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. வாடகை ஒப்பந்தம் கணவர் பேரில் இருக்கும், அட்வான்ஸ் கொடுத்தவரும் அவராகவே இருப்பார். அதனால் மனைவியின் உரிமை போய்விடாது. வாடகையைக் கணவரே கட்ட வேண்டும் என்றோ, அதே தரத்தில் வேறு வீடு பார்த்துத் தர வேண்டும் என்றோ குற்றவியல் நடுவர் உத்தரவிட முடியும். வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ தடையும் போடலாம்.

மாமனார், மாமியார் பேரில் உள்ள வீடுதான் நெடுநாள் இழுபறியாக இருந்தது. அத்தகைய வீட்டில் மருமகள் உரிமை கோர முடியாது என்று 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது சட்டம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தத் தீர்ப்பு தவறு என்று மூன்று நீதிபதிகள் அமர்வு திருத்த 2020 அக்டோபர் ஆயிற்று. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் வாசலோடு திரும்பிய மருமகள்களுக்கு அந்தத் திருத்தம் காலம் கடந்தே வந்தது. அதே 2020 டிசம்பரில் பெங்களூரு வழக்கு ஒன்றில் தீர்ப்பு வந்தது. கணவர் வாங்கிய மனை அவருடைய அப்பா பேருக்குப் போய், அங்கிருந்து தானமாக அம்மா பேருக்கு மாறியிருந்தது. பிறகு மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி மாமனாரும் மாமியாரும் மருமகளை வெளியேற்றப் பார்த்தார்கள். அந்தச் சட்டத்தை வைத்து மருமகளின் குடியிருப்பு உரிமையைத் தள்ளிவிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம்.

சென்னை உயர் நீதிமன்றம் 2008-லேயே இப்படியொரு கைமாற்றலைப் பார்த்தது. கணவர் தன் வீட்டைத் தாயின் பேருக்கு எழுதிவைத்துவிட்டார். வீடு பூட்டிக் கிடந்தது. பூட்டை உடைத்து மனைவியை உள்ளே அனுப்பும் அதிகாரம் நடுவருக்கு உண்டு என்றது நீதிமன்றம்.

கணவரையே வெளியேற்றவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் குடும்பத்துப் பெண் எவரையும், மாமியார் உட்பட, அப்படி வெளியேற்ற முடியாது. 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா விசாரித்த வழக்கில், விவாகரத்து வழக்கு நிலுவையில் இருக்கும்போதே கணவரை வெளியேற்றும் கோரிக்கையோடு மனைவி வந்தார். வீட்டின் அமைதியைக் கெடுக்கக் கூடாது என்று மட்டும் கீழ் நீதிமன்றம் கணவருக்குச் சொல்லியிருந்தது. ஒரே கூரையின் கீழ் இருக்கும் வரை அந்த அறிவுரையால் என்ன பயன்? கணவருக்கு வேறு வீடு இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத் தேவையில்லை என்ற நீதிபதி, இரண்டு வாரத்தில் அவர் வெளியேற வேண்டும், மறுத்தால் போலீஸ் வெளியேற்றும் என்று உத்தரவிட்டார்.

மனுவைப் பாதிக்கப்பட்ட பெண் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே போடலாம். மறைமலை நகரிலிருந்து விழுப்புரத்தில் உள்ள அம்மா வீட்டுக்குப் போனவர் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் சம்பவ அறிக்கை எழுதித் தருவார். 181 என்ற பெண்கள் உதவி எண்ணிலும் உதவி கேட்கலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்பது சட்டத்தின் கணக்கு; நீதிமன்றங்களின் கணக்கு வேறு. அவசரம் என்றால் எதிர்த் தரப்பைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு தரலாம். அந்த வீட்டில் வாழ்ந்ததைக் காட்ட ரேஷன் கார்டு, கேஸ் புத்தகம், பிள்ளையின் பள்ளி அடையாள அட்டையில் உள்ள முகவரி போன்றவை உதவும். அவசரமாக வெளியேறுபவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் விட்டுவிட்டு வருகிறார்கள்.

குடியிருக்கும் உரிமை வேறு, சொத்தில் பங்கு வேறு. விவாகரத்தின்போது கணவன் மனைவி சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் பொதுச் சட்டம் கோவா போன்ற ஓரிரு பகுதிகளைத் தவிர்த்து இந்தியாவில் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்குக் கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் பங்கு உண்டு என்று நெய்வேலிக் குடும்பம் ஒன்றின் வழக்கில் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்னார். அது தீர்ப்பு, அதைச் சட்டமாக்க இன்னும் நாடாளுமன்றம் முன்வரவில்லை.

மணவாழ்க்கையில் நடந்த வன்முறைக்காக விவாகரத்துக்குப் பிறகும் மனுப் போடலாம். ஆனால் மனைவி என்ற முறையில் வரும் குடியிருப்பு உரிமை, திருமணம் முறிந்ததும் பொதுவாக முடிந்துவிடும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. விவாகரத்துத் தீர்ப்பிலேயே அது காப்பாற்றப்பட்டிருந்தால் மட்டும் நிற்கும். ஆகவே மனமொத்த விவாகரத்து மனுவில் ஜீவனாம்சத் தொகையோடு வீட்டைப் பற்றிய ஒரு வரியும் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.