எல்லைச் சந்தையும் இரு பேரரசுகளும்

சீனத்தை ஆண்ட சொங் அரசுக்கும் அதன் வடக்கே கித்தானியர் நிறுவிய லியாவ் அரசுக்கும் இடையே நிலவிய பகைக்கு மூலகாரணம் பதினாறு மாவட்டங்களாகும். இன்று பெய்ஜிங் நகரம் அமைந்துள்ள நிலத்தையும் உள்ளடக்கிய அவை 938 ஆம் ஆண்டிலே கித்தானியர் வசமாயின. அவற்றை மீட்க 979 இலும் 986 இலும் சொங் படைகள் முயன்று தோல்வியுற்றன. 1004 ஆம் ஆண்டின் இறுதியிற் கித்தானியப் படை மஞ்சளாற்றை அணுகிற்று. அமைச்சர் கோவ் சுன் வற்புறுத்தவே, மன்னன் சென்சொங் தானே போர்முனை சென்றான். ஒருவரையொருவர் வெல்லுதல் இயலாதென இருதிறத்தாரும் உணர்ந்தபின், 1005 சனவரியிற் சான்யுவான் உடன்படிக்கை பிறந்தது.

ஆண்டுதோறும் 200,000 பட்டுச் சுருள்களும், தேல் எனுஞ் சீன நிறையில் 100,000 வெள்ளியும் சொங் அரசு வழங்குவதென்றும், இரு மன்னரும் உடன்பிறந்தாரென ஒழுகுவதென்றும், எல்லையிற் புதிய அரண் எழுப்புவதில்லையென்றும் முடிவாயிற்று. இதனைத் திறையெனப் பழித்தோர் சீனத்திற் பலர். ஆயின் போர்ச்செலவோடு ஒப்புநோக்குமிடத்து இக்கொடை மிகச் சிறிது. அன்றியும், கொடுத்த வெள்ளி சென்றவிடத்தில் நிலைத்ததுமில்லை.

சியுங்சோ, பாசோ முதலியவிடங்களில் அரச அலுவலரின் மேற்பார்வையில் நடைபெற்ற எல்லைச் சந்தைகளே அதற்குக் காரணம். தெற்கிலிருந்து தேயிலை, பட்டு, மட்கலம், நறுமணச் சரக்கு என்பன சென்றன. வடக்கிலிருந்து ஆடு, ஒட்டகம், கம்பளி, தோல் என்பன வந்தன. (நறுமணச் சரக்குகளிற் பல தென்கடல் வழியாகச் சீனம் புகுந்தவை. இராசராச சோழனின் தூதர் முத்தும் யானைக்கோடுங் கொண்டு 1015 இல் அடைந்ததும் இதே சென்சொங்கின் அவையையே.) வாணிக மிகுதி சொங் நாட்டின் பக்கமே இருந்தமையாற் கித்தானியர் பெற்ற வெள்ளியிற் பெரும்பகுதி பண்டங்களின் விலையாகத் தெற்கே மீண்டது.

இதனால் ஒருவரையொருவர் நம்பினரென்று கொள்ளலாகாது. கித்தானியர் குதிரை விற்பதைத் தடுத்தனர். சொங் அரசோ 1006 இல், கன்பூசிய மறைநூல்களன்றிப் பிற நூல்கள் எல்லைச் சந்தையில் விற்கப்படலாகாதென விதித்தது. படைக்கலத்துக்கு அஞ்சுவதுபோல் ஏட்டுக்கும் அஞ்சினர் போலும்! ஆயினும், 1089 இல் லியாவ் நாட்டுக்குத் தூது சென்ற சூ சே, தம் தமையன் சூ ஷியின் எழுத்துக்கள் ஆங்குப் பலர்க்குந் தெரிந்திருக்கக் கண்டார்.

1042 இற் சொங் அரசு மேற்கே தங்குத்தரோடு பொருது இளைத்திருந்த வேளை பார்த்துக் கித்தானியர் நிலங்கேட்டனர். தூதர் பூ பீ அவர்தம் மன்னனிடம் கூறிய நியாயம் கூர்மையானது: அமைதி நிலவின் ஊதியம் மன்னனைச் சேரும், போர் மூளின் ஊதியம் கீழுள்ளாருக்கு, கேடு மன்னனுக்கு. நிலத்துக்கு ஈடாகப் பட்டும் வெள்ளியும் தனித்தனி 100,000 உயர்ந்தன, போர் தவிர்ந்தது.

நூறாண்டுக்கு மேல் நின்ற இவ்வமைதி சந்தையின் குறையால் அழிந்ததன்று. இழந்த மாவட்டங்கள் மீதான வேட்கை சொங் அவையில் அவியாதிருந்தது. 1120 இல், வடகிழக்கே எழுந்த சூர்ச்சேனியரோடு கூடி லியாவை அழிக்க அவ்வரசு இசைந்தது. 1125 இல் லியாவ் வீழ்ந்தது. 1127 இல் அதே சூர்ச்சேனியர், தாம் கைப்பற்றிய தலைநகர் கைபெங்கிலிருந்து மன்னன் சின்சொங்கையும் அவன் தந்தை ஹுய்சொங்கையும் சிறைப்படுத்தி வடக்கே கொண்டேகினர்.