சான்றிதழ் கோருமுன் திறப்பைக் காப்போம்

இணையத்தளமொன்றில் நாம் பதியும் கடவுச்சொல்லும் வங்கி அட்டை இலக்கமும் பல வலையமைப்புகளைக் கடந்தே சேவையகத்தைச் சென்றடைகின்றன. இடையில் எவரும் அவற்றை வாசித்துவிடாதிருக்கவே மறைகுறியாக்கம் பயன்படுகின்றது. மறைகுறியாக்கம் இல்லாத தளங்களைக் குரோம் உலாவி 2018 ஜூலை முதல் 'பாதுகாப்பற்றவை' எனக் காட்டி வருவதால், சிறிய நிறுவனங்களும் அதற்கான சான்றிதழைப் பெறவேண்டியுள்ளது.

இதன் முதற்படி, 'சான்றிதழ்க் கையொப்பக் கோரிக்கை' எனப்படும் சிறிய கோப்பொன்றைத் தயாரிப்பதாகும். ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற இலவச மென்பொருளைக் கொண்டு சேவையகத்திலேயே இதனைச் செய்யலாம். முதலில் ஒன்றோடொன்று பிணைந்த இரு திறப்புகள் உருவாக்கப்படுகின்றன. ஒன்று பொதுத் திறப்பு. மற்றையது அந்தரங்கத் திறப்பு. ஆர்.எஸ்.ஏ. முறையாயின் அவை குறைந்தது 2048 பிட் நீளமுடையனவாக இருத்தல் வேண்டும். கோரிக்கையில் பொதுத் திறப்பும் தளத்தின் பெயரும் இடம்பெறும். நிறுவனத்தின் பெயரையும் நாட்டின் ஈரெழுத்துக் குறியீட்டையும் அதில் சேர்க்கலாம். தளத்தின் பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் சான்றிதழ் பயன்படாது.

அந்தரங்கத் திறப்பு இக்கோரிக்கையில் இடம்பெறுவதில்லை என்பதே இங்கு முக்கியமானது. அத்திறப்பினால் கோரிக்கை கையொப்பமிடப்படுகின்றது. விண்ணப்பதாரரிடம் திறப்பு உண்டு என்பதற்கு அதுவே சான்று. ஆகவே சான்றிதழ் வழங்கும் நிறுவனத்துக்குக்கூடத் திறப்பை அனுப்பவேண்டிய தேவையில்லை. பூட்டு வாங்கிய கடையில் வீட்டுத் திறப்பின் பிரதியொன்றை யாரும் விட்டுவருவதில்லை அல்லவா?

எனினும் இலகு கருதி, விற்பனையாளரின் தளத்திலேயே திறப்பை உருவாக்கிக் கொள்வோரும் உளர். இதன் ஆபத்தை 2018 பெப்ரவரியில் நிகழ்ந்த சம்பவமொன்று உணர்த்தியது. சான்றிதழ்களை விற்பனை செய்துவந்த ட்ரஸ்டிகோ நிறுவனம், தன்வசமிருந்த ஏறத்தாழ 23,000 அந்தரங்கத் திறப்புகளை மின்னஞ்சல் மூலம் டிஜிசேர்ட் நிறுவனத்துக்கு அனுப்பியது. திறப்பு பிறர் கைக்குச் சென்றால் சான்றிதழை 24 மணித்தியாலங்களுக்குள் இரத்துச் செய்யவேண்டும் என்பது விதி. அதன்படி அச்சான்றிதழ்கள் இரத்தாகின. தள உரிமையாளர்கள் அவசர அவசரமாகப் புதியவற்றைத் தேட நேர்ந்தது.

சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுட்காலத்தை 2029 மார்ச் மாதத்தில் 47 நாட்களாகக் குறைப்பதென 2025 இல் தீர்மானிக்கப்பட்டுள்ளது. எனவே கோரிக்கை தயாரிப்பதும் புதுப்பிப்பதும் அடிக்கடி நிகழும் கருமங்களாகிவிடும். இவற்றைத் தானியங்கி மென்பொருள்களிடம் ஒப்படைக்கலாம். ஆனால் அந்தரங்கத் திறப்பு தமது சேவையகத்திலேயே உருவாகி, அங்கேயே இருக்கின்றதா என்பதை உறுதிசெய்வது தள உரிமையாளரின் பொறுப்பாகும். திறப்பு பிறர் கையிலிருக்கப் பூட்டினால் பயனில்லை.