யானைக்கு பயந்து பரண் மேல ஏறினா போதுமா? விழாம இருக்க பெல்ட் முக்கியம்

ஓசூர்:
ராகி கதிர் முற்றும் சீசன் வந்தாலே கிருஷ்ணகிரி மாவட்டம் தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் விவசாயிகளுக்கு ராத்தூக்கம் போய்விடும். கர்நாடக மாநிலம் பன்னார்கட்டா காட்டில் இருந்து கூட்டமாக வரும் யானைகளை விரட்ட, மரத்தில் பரண் கட்டி காவல் இருக்கிறார்கள். யானைக்கு பயப்படும் அளவுக்கு, தூக்கக் கலக்கத்துல கீழே விழுவதற்கு யாரும் பயப்படுவதில்லை.

அமெரிக்காவில் மான் வேட்டைக்கு இதே மாதிரி பரண் கடையிலேயே கிடைக்கும். (நம்ம நாட்டில் 1972-ம் ஆண்டு சட்டப்படி வேட்டைக்கு தடை.) எத்தனை கிலோ தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. தரமான கம்பெனிகள் உடம்பு முழுக்க மாட்டும் பெல்ட்டையும் சேர்த்தே கொடுக்கின்றன.

நம்ம ஊர் பரண் மூங்கிலும் கயிறும்தான். நைலான் கயிறு வெயிலில் இத்துப்போகும். பார்க்க என்னவோ நல்லாத்தான் இருக்கும்! போன வருஷம் கட்டிய கட்டை நம்பி ஏறக்கூடாது.

இடுப்பில் கயிறு கட்டினா போதும் என்பதும் தப்பு. விழுந்தால் வயிற்றை இறுக்கி மூச்சை அடைத்துவிடும். தோள், தொடை இரண்டிலும் மாட்டும் பெல்ட்தான் சரி. கட்டிட வேலைக்கு விற்கும் ஐ.எஸ். 3521 பெல்ட் வாங்கலாம். அதன் கயிறை நீளமாக விடாமல், தலைக்கு மேலே அடிமரத்தில் கட்ட வேண்டும்.

பெல்ட்டில் ரொம்ப நேரம் தொங்கினாலும் காலில் ரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்து. அதனால் ஒத்தையில் காவலுக்கு போகக்கூடாது.

டார்ச், பட்டாசு எதையும் கையில் பிடித்தபடி ஏற வேண்டாம். மேலே போய் பெல்ட்டை மாட்டிய பிறகு, கயிறு விட்டு இழுத்துக்கொள்ளலாம்.